வேலுமணி சொல்லிக்கொண்டு போனது

எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பழனி அடிவாரத்தில் மூன்று தலைமுறையாகப் பூஜைச் சாமான் கடை நடத்துகிறோம். விபூதியில் கலப்படம் என்று ஒரு யாத்ரீகர் திரும்பி வந்தது கிடையாது. எங்கள் வீட்டு ஆண்கள் குடிப்பது கிடையாது. பேய் ஓட்டுகிறவன், மை போட்டுப் பார்க்கிறவன் என்று எவன் வாசலிலும் போய் நின்றது கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில்தான் இது நடந்தது. என் மூத்த அண்ணன் குருநாதனுக்கு, கொடைக்கானலில், 1959ஆம் வருஷம் மே மாதம் நடந்தது. அவர் வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு முறைகூட ஒரு சொல் கூடியதில்லை, குறைந்ததில்லை. சேனாதிபதியாகிய நானும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் என் அண்ணனைப் பொய்யர் என்று சொன்ன வாய்கள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. அவை இதைப் படித்துவிட்டு மூடிக்கொண்டால் போதும்.

அண்ணன் கரிம வேதியியல் பேராசிரியர். மரப்பட்டை, வேர், இலை இவற்றைக் காய்ச்சி வடித்து, உள்ளே இருக்கும் ஒரே ஒரு பொருளைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து, அது இன்னது என்று சொல்கிற படிப்பு. சீமைக்குப் போய்ப் பட்டம் வாங்கி வந்தவர். தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவர். அந்தக் கோடையில் அங்கே துணைவேந்தர் பதவி காலியாக இருந்தது. எல்லார் வாயிலும் அண்ணன் பெயர்தான். பழனியில் எங்கள் கடைக்கே மாலையோடு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

ஒரு முள் மட்டும் இருந்தது.

மூன்று வருஷங்களுக்கு முன்னால், மேல்மலைச் சோலைக்காட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து ஒரு புதுப் பொருள் எடுத்திருப்பதாக அண்ணன் சென்னையில் ஒரு கூட்டத்தில் அறிவித்திருந்தார். வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகப் படிகம். நூற்று எழுபத்திரண்டு டிகிரியில் உருகும். அத்தனையும் உண்மை. ஆனால் கிடைத்தது ஒரே ஒரு சிட்டிகை. அது சோதனைகளிலேயே தீர்ந்துபோனது. அதற்கப்புறம் எத்தனை மூட்டைப் பட்டையைக் காய்ச்சினாலும் படிகம் வரவில்லை. தேன் நிறத்தில் பிசின்தான் வந்தது. பனிக்கட்டியில் வைத்துப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் தொடாமல் விட்டுப் பார்த்தார்கள். பிசின் பிசினாகவே கிடந்தது.

அந்தப் படிப்பில் இப்படி நடப்பதுண்டாம். பொருள் முரண்டு பிடிக்குமாம். ஆகாதவர்கள் அதை ஒத்துக்கொள்வார்களா? இல்லாத பொருளை இருக்கிறதென்று சொல்லிவிட்டார் என்று கிசுகிசுத்தார்கள். கிசுகிசுப்பு மேலே போனது. பல்கலைக்கழகம் மூன்று பேரைக் கமிட்டியாகப் போட்டது. அதற்குத் தலைவர் பேராசிரியர் ஞானவேல். துணைவேந்தர் பதவிக்கு அண்ணனுக்கு அடுத்தபடியாக அடிபட்ட பெயர் ஞானவேலின் சம்பந்தியுடையது. இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கொடைக்கானல் ஏரிக்கு மேலே பல்கலைக்கழகத்துக்கு ஒரு பங்களா உண்டு. முன்னறையில் சின்ன ஆய்வுக்கூடம். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி அங்கே வரும். அந்தப் பொருளை அவர்கள் கண்ணுக்கு முன்னால் காட்ட வேண்டும். காட்டினால் அண்ணன் துணைவேந்தர். காட்டாவிட்டால் பதவி போவது கிடக்கட்டும், குருநாதன் பொய் சொன்னான் என்று ஆகிவிடும். அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டு நாங்கள் யாரும் சன்னதித் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

அண்ணனுக்கு இருந்த ஒரே நம்பிக்கை வேலுமணி. அவரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவன். பூம்பாறையைத் தாண்டி மேல்மலையில் இருக்கிற கூக்கால் கிராமத்துக்காரன். பூண்டு போடுகிற குடும்பம். ஒல்லி உடம்பு, நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவான். அந்த முதல் சிட்டிகை வந்தது அவன் கையில்தான். புதுப் பட்டை வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று திங்கட்கிழமை ஊருக்குப் போனவன், வியாழக்கிழமை வந்துவிட வேண்டும்.

வியாழக்கிழமை போனது. வேலுமணி வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் மேகம் இறங்கியது. கொடைக்கானலில் இருந்தவர்களுக்குத் தெரியும். முதலில் ஏரி காணாமல் போகும். பிறகு மரங்கள். பிறகு வாசல் படி. நாலு மணிக்கே விளக்கேற்ற வேண்டியதாயிற்று. சமையல் செய்கிற பிச்சையம்மாள் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள். ஆய்வுக்கூடத்துக்குள் அவள் வரமாட்டாள். பட்டையிலிருந்து சத்தை இறக்குகிற ஈதரின் வாடை அவளுக்கு ஆகாது.

"நான் பின்னாடிதான் இருக்கேன்ங்க. காப்பி வேணும்னா ஒரு குரல் குடுங்க. அந்தப் பிசினையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா அது கல்கண்டா ஆயிருமாக்கும்?"

"ஆகணும் பிச்சையம்மா."

"ஆகும் ஆகும். எங்க வீட்டுக்காரரு திருந்துற அன்னைக்கு ஆகும்."

அவள் போனாள். அண்ணன் தனியாக இருந்தார். மேசைமேல் கண்ணாடிக் குடுவை. அடியில் பிசின். சாய்த்தால் சாய்ந்தது, நிமிர்த்தினால் நிமிர்ந்தது. அவ்வளவுதான்.

வாசலில் யாரோ நிற்பதுபோல் இருந்தது.

கதவு திறந்தேதான் கிடந்தது. படிக்கு அந்தப் பக்கம், மேகத்துக்குள், வேலுமணி நின்றுகொண்டிருந்தான்.

"வந்துட்டியாலே. நேத்தே வர்றதா சொன்ன ஆளு."

"வழி சரியில்லைங்க ஐயா."

"பட்டை எங்க?"

"அங்கேயே கெடக்குங்க."

அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெறுங்கையோடு வந்திருக்கிறானே என்று. ஆனால் ஆளாவது வந்தானே.

"சரி, உள்ள வா. அங்கனயே எதுக்கு நிக்கிற?"

வா என்று சொன்ன பிறகுதான் அவன் படி ஏறினான்.

சில விஷயங்களை அண்ணன் அப்போதே பார்த்தார். பார்த்தார், ஆனால் யோசிக்கவில்லை. மூன்று வருஷக் கவலை கண்ணை மறைத்தது.

வேலுமணியின் தலைமயிர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அன்றைக்கு மழை இல்லை.

எப்போதும் சார் என்று கூப்பிடுகிறவன். அன்றைக்கு ஐயா என்றான்.

இன்னொன்று. அண்ணன் மூக்கு லேசுப்பட்ட மூக்கு அல்ல. மூடிய சீசாவை முகர்ந்தே உள்ளே இருப்பது இன்னது என்று சொல்வார். அந்த அறையில் இரவும் பகலும் ஈதர் வாடைதான். வேலுமணி பக்கத்தில் வந்ததும் அந்த வாடை போய்விட்டது. அதற்குப் பதிலாக மண் வாடை. மழை பெய்ததும் கிளம்புகிற வாசனை இல்லை. ஆழத்தில் தோண்டி எடுத்த மண்ணின் வாடை.

"பிச்சையம்மா, ரெண்டு காப்பி. வேலுமணி வந்திருக்கான்."

பின்கட்டிலிருந்து குரல் வந்தது. "பூம்பாறை பஸ்ஸே மூணு நாளா வரலைன்னு பேசிக்கிறாங்க. எப்படி வந்தானாம்?"

"நடந்து வந்திருப்பான்."

வேலுமணி நேராக மேசைக்குப் போனான். குடுவையைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கண்ணாடிக் குச்சி ஒன்றை எடுத்தான்.

படிகமாக மறுக்கிற பொருளுக்கு வேதியியல்காரர்கள் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. கண்ணாடிக் குச்சியின் நுனியால் குடுவையின் உள்பக்கத்தைச் சுரண்டுவார்கள். அந்தக் கீறலைப் பற்றிக்கொண்டு படிகம் வளரத் தொடங்கும். தொடங்கலாம், தொடங்காமலும் போகலாம். அதே குடுவையை அண்ணனே எத்தனையோ தடவை சுரண்டி ஓய்ந்துபோயிருந்தார்.

கிறீச்... கிறீச்... கிறீச்...

பிச்சையம்மாள் உள்ளே பார்க்காமல் கையை மட்டும் நீட்டி இரண்டு காப்பியையும் கதவோரத்து முக்காலியில் வைத்தாள். "பல்லு கூசுது சாமி" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

கிறீச்... கிறீச்...

அண்ணன் தன் காப்பியைக் குடித்தார். அவனுடைய காப்பியை அவன் தொடவில்லை. அது ஆறி, மேலே ஆடை படிந்தது.

"ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

"அழுதுக்கிட்டு இருக்காங்க."

"என்ன?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா."

குளிர் ஏறிக்கொண்டே வந்தது. பேசும்போது அண்ணன் வாயிலிருந்து புகை கிளம்பியது. விளக்கு வெளிச்சத்தில் அது நன்றாகத் தெரிந்தது. வேலுமணியின் முகம் விளக்குக்கு இன்னும் பக்கத்தில் இருந்தது.

அவன் வாயிலிருந்து புகை வரவில்லை.

கிறீச்... கிறீச்...

அவன் கை மாற்றவும் இல்லை. யாருக்கும் கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு கடுக்கும். அவனுக்குக் கடுக்கவில்லை. ஒரே கை. ஒரே வேகம்.

கிறீச்...

சத்தம் நின்றது.

"பாருங்க ஐயா."

குடுவையின் சுவரில் மயிரிழைபோல ஒரு வெள்ளைக் கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. பனி படர்வதுபோலச் சுவரிலிருந்து உள்ளே படர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பிசின் முழுக்க வெள்ளை ஊசிகளாகி நின்றது.

அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதை மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

"என் மானத்தைக் காப்பாத்திட்ட வேலுமணி."

அவன் குச்சியைக் கழுவித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தான்.

"என் சோலி முடிஞ்சுதுங்க. போறேங்க ஐயா."

இந்த இடத்தை நான் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் யாரும் 'போறேன்' என்று சொல்லி விடைபெறுவதில்லை. போயிட்டு வர்றேன் என்போம். இல்லாவிட்டால் வெறுமனே வர்றேன் என்போம். போறேன் என்றால் திரும்பமாட்டேன் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவன்கூட வர்றேன் என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவான். அண்ணன் சீமையில் சில வருஷம் இருந்தவர்தான். ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் அப்பாவைவிடக் கண்டிப்பு. வகுப்பறையிலிருந்து ஒருவன் 'போறேன் சார்' என்று சொன்னால் திரும்பக் கூப்பிட்டுத் திருத்திச் சொல்ல வைப்பார்.

அன்றைக்கும் கூப்பிட்டார்.

"என்னலே பேச்சு இது? நல்ல காரியம் நடந்த எடத்துல போறேன்னா சொல்லுவாங்க? போயிட்டு வர்றேன்னு சொல்லு."

வேலுமணி வாசற்படியில் நின்றான். திரும்பவில்லை.

"வேணாங்க ஐயா."

"என்ன வேணாம்?"

"போறேன்னே சொல்லிக்கிறேங்க."

அண்ணனுக்கு அது திமிராகப் பட்டது. நல்ல நேரத்தில் அபசகுனமாகவும் பட்டது.

"ஞாயித்துக்கெழம கமிட்டி வருது. அவங்க இருக்கறப்ப நீ இந்த ரூம்ல நிக்கணும். ஒழுங்கா சொல்லிட்டுக் கெளம்பு."

திறந்த கதவு வழியாக மேகம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நான் என்னைக்கு வெளையாட்டுக்குச் சொன்னேன்?"

"அப்படின்னா..."

அந்தக் குரல் வாசற்படியிலிருந்து வரவில்லை. எங்கேயோ பள்ளத்திலிருந்து வந்தது.

"போயிட்டு வர்றேங்க ஐயா."

"போயிட்டு வா."

அவன் படி இறங்கினான். இரண்டு எட்டு. மேகம் மூடிக்கொண்டது. சரளைக்கல் பரப்பிய பாதை அது. பூனை நடந்தால்கூடக் கேட்கும்.

ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் நல்ல வெயில். அண்ணன் படிகங்களை மறுபடி மறுபடி போய்ப் பார்த்தார். சந்தோஷம்தான். மதியம் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளறையில் உட்கார்ந்து துணைவேந்தராகப் பேச வேண்டிய முதல் பேச்சை எழுதத் தொடங்கினார். அதைப் பிற்பாடு என்னிடம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அது சிரிப்பு இல்லை.

மாலையில் மேகம் இறங்கியது.

கிறீச்...

அண்ணன் பேனாவை வைத்தார்.

கிறீச்... கிறீச்...

பூட்டிய அறைக்குள்ளிருந்து.

"வேலுமணி?"

சத்தம் நின்றது. அண்ணன் எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தார். அறை காலி. குடுவை வைத்தது வைத்தபடி இருந்தது. ஜன்னல்கள் தாழிட்டபடி இருந்தன.

கண்ணாடிக் குச்சியை எடுத்துப் பார்த்தார். அதன் நுனி ஈரமாக இருந்தது.

பூட்டினார். வந்து உட்கார்ந்தார்.

கிறீச்...

அவர் எழுந்திருக்கவில்லை.

மண் வாடை கதவிடுக்கு வழியாக வந்தது.

கிறீச்... கிறீச்...

அவர் அசையவில்லை.

பிச்சையம்மாள் சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் அது நின்றது. ஐம்பத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, அண்ணன் அன்றைக்கு விளக்கை அணைக்காமல் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியின் கார் வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது சூடாகி நின்றுவிட்டதாம். அவர்கள் பங்களாவுக்கு வரும்போது மதியம் சாய்ந்திருந்தது. ஞானவேல், சென்னையிலிருந்து ஒரு வேதியியல் பேராசிரியர், பல்கலைக்கழகப் பதிவாளர். மூவரும் கம்பளிக் கோட்டோடு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். வெளியே வெள்ளையாக மேகம்.

சென்னைப் பேராசிரியர் தானே படிகத்தை எடுத்தார். நூல்போன்ற கண்ணாடிக் குழாயில் அடைத்தார். தெர்மாமீட்டரோடு சேர்த்துக் கட்டி எண்ணெயில் இறக்கிச் சூடேற்றினார். பாதரசம் ஏறியது. எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நூற்று எழுபத்திரண்டில் ஊசிகள் உருகின.

சென்னைக்காரர் எழுந்து வந்து அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்குங்க" என்றார்.

அண்ணன் அந்த நேரத்திலும் இரண்டு மூன்று முறை திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். முதுகுக்குப் பின்னால் மண் வாடை அடித்தது. மூலையில் யாரும் இல்லை.

ஞானவேல் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எப்ப கெடைச்சது இது?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

"எடுத்தது?"

"வேலுமணி. என் மாணவன். என் கண் முன்னாடி எடுத்தான்."

"ஆளைக் காணோமே."

"வந்துருவான். வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். முட்டிவரைக்கும் சேறு. தலையில் துண்டு.

"குருநாதன் ஐயாங்கிறது..."

"நான்தான்."

"மணியன்ங்க. கூக்கால்லேர்ந்து வர்றேன். வேலுமணிக்குத் தாய்மாமன்." அவர் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "பையன் தவறிட்டான்ங்க."

"யாரு?"

"வேலுமணிங்க. புதன்கெழம. பட்டைக் கட்டைத் தூக்கிக்கிட்டு வெள்ளனே கெளம்பினான். மழைக்கு மேட்டு மண்ணு அப்படியே சரிஞ்சு மேல விழுந்துருச்சு. தோண்டி எடுக்க மறுநா ஆயிருச்சு. அன்னைக்கே அடக்கமும் பண்ணிட்டோம். பாதை அடைச்சுக் கெடந்துச்சுங்க. இல்லேன்னா வெரசா வந்து சொல்லியிருப்பேன்."

அடுப்பை அணைத்திருந்தார்கள். எண்ணெயில் நின்ற தெர்மாமீட்டரில் பாதரசம் இறங்கிக்கொண்டிருந்தது.

ஞானவேல்தான் முதலில் பேசினார். குரலில் தேன் வழிந்தது.

"குருநாதன், நாள் மாத்திச் சொல்லிட்டீங்க. அந்தப் பையன் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்திருப்பான். திங்கட்கிழமை. அப்படித்தானே?"

அது அவர் நீட்டிய கயிறு. நல்ல எண்ணத்தில் நீட்டினாரா, வேறு எண்ணத்திலா என்று எனக்குத் தெரியாது. பிடித்துக்கொண்டிருந்தால் அண்ணன் துணைவேந்தர். ஆமாம் என்று ஒரு சொல். படிகம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. உருகுநிலை சரியாக இருக்கிறது. சென்னைக்காரர் ஏற்கெனவே கை குலுக்கிவிட்டார். ஒரு சொல்தான் பாக்கி.

அண்ணன் மணியனைப் பார்த்தார். குடுவையைப் பார்த்தார்.

"இல்லை. வெள்ளிக்கிழமை."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல. இந்த மேசையில."

பிச்சையம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"சுரண்டுற சத்தம் கேட்டுச்சுங்க. ஆளை நான் பாக்கலை. ரெண்டு காப்பி வச்சேன். ஒண்ணு குடிக்காம அப்படியே இருந்துச்சு. வேற என்னத்தைச் சொல்ல?"

ஞானவேல் கோட்டைப் பொத்தானிட்டுக்கொண்டு எழுந்தார். மூவரும் காருக்குப் போனார்கள். அண்ணன் வாசலுக்குப் போய் வழியனுப்பவில்லை.

கமிட்டி சொன்னது இதுதான். பொருள் உண்மை. அது கிடைத்ததைப் பற்றிப் பேராசிரியர் சொன்னது உண்மையல்ல. செத்துப்போன மாணவனின் பெயரைச் சாட்சிக்கு இழுத்தவர் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைமை தாங்கத் தகுந்தவர் அல்ல. ஞானவேலின் சம்பந்தி துணைவேந்தர் ஆனார். எங்கள் கடைக்கு மாலை கொண்டுவந்தவர்கள் அதே தெருவில் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார்கள்.

கார் போன பிறகு மணியன் போகாமல் நின்றாராம்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? நெசமா அவன் வந்தானா?"

"வந்தான்."

"கெளம்பறப்ப என்ன சொன்னான்?"

"போறேன்னு சொன்னான். அப்படிச் சொல்லக்கூடாதுன்னு நான்தான் போயிட்டு வர்றேன்னு சொல்ல வச்சேன்."

மணியன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஊரு எல்லையில வச்சு, போயிருப்பா, இனி வராதேன்னு நாங்க எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லி அனுப்பினோம்ங்க. போயிருப்பான். உங்களுக்குக் கடைசியா ஒரு சோலி செஞ்சு குடுத்துட்டுப் போயிருப்பான். நீங்க வான்னு சொல்லிட்டீங்களே."

மணியன் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

அந்த மாதமே அண்ணன் வேலையை விட்டார். பழனிக்கு வந்துவிட்டார். அதன் பிறகு அவர் ஒரு குடுவையைக் கையால் தொட்டதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வர்றேன் என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடுவார். தலைக்கனம் என்றார்கள். 1965இல் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வேலுமணி மறுபடி வந்தானா என்று ஒருமுறை கேட்டேன். "எனக்குத் தெரிய இல்லை" என்றார். "ஞாயித்துக்கெழம வர்றதாத்தான் பேச்சு. அன்னைக்கு வரலை."

அந்த ஒன்று அவரை அரித்துக்கொண்டே இருந்தது. வேலுமணி சொன்ன சொல் தவறாதவன்.

1967ஆம் வருஷம், ஒரு மத்தியானம். கடையில் கூட்டம் இல்லை. வெளுத்துப்போன முகத்தோடு ஒரு வயதானவர் வந்து நின்றார். ஞானவேல். வந்தவரை உட்காரச் சொல்வது எங்கள் வழக்கம். சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். அதற்கு மேல் ஒரு சொல் நானாகப் பேசவில்லை.

"உங்க அண்ணன் இருக்காரா?"

"போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அந்த ரூம்ல எத்தனை பேர் இருந்தோம்னு அவர் சொல்லியிருக்காரா?"

"நீங்க மூணு பேர். அண்ணன். அப்புறம் வந்த மணியன்."

"இன்னொருத்தன் இருந்தான்."

நான் கல்லாப்பெட்டியை மூடினேன்.

"மூலையில நின்னான். நாங்க வந்ததுலேர்ந்து நின்னான். தலை நனைஞ்சிருந்துச்சு. பங்களா வேலையாள்னு நினைச்சேன். நாங்க கெளம்பறப்ப கார் கதவைத் திறந்துவிட்டது அவன்தான். போயிட்டு வாங்க ஐயான்னான். நானும் பழக்கத்துல வர்றேம்ப்பான்னு சொல்லிட்டு ஏறிட்டேன். அடுத்த வாரம் ஆபீஸ்ல அந்த மாணவனோட போட்டோவைக் காட்டினாங்க."

"பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

எட்டு வருஷம் எங்கள் குடும்பம் சுமந்த பழி அந்த ஒரு சொல்லில் இருந்தது. அண்ணன் கேட்க உயிரோடு இல்லை. நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

அவர் தெருவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"போன மாசத்துலேர்ந்து... சாயங்காலம் ஆனா எங்க வீட்டு வாசல்ல நிக்கிறான். கோபமா இல்லை. மரியாதையாத்தான் நிக்கிறான். வர்றேன்னீங்களே ஐயாங்கிறான்."

எழுந்து செருப்பை மாட்டினார். சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கினார். நானும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்துக் கடையில் வத்தலக்குண்டு பஸ் எப்போது என்று விசாரித்தாராம்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய மகன் அவரைத் தேடிக்கொண்டு வந்தான். மலை வரைக்கும் போய் விசாரித்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் திரும்பும் வழியில் வந்திருந்தான். பூம்பாறையில் நல்லுசாமி என்று ஒரு டீக்கடைக்காரர். கடைசியாக ஞானவேலைப் பார்த்தவர் அவர்தான். சாயங்காலப் பஸ்ஸில் வந்து இறங்கிய பெரியவர் கூக்கால் பாதை எது என்று கேட்டிருக்கிறார்.

"மேகம் எறங்கிக் கெடக்கு. இந்த நேரத்துல ஒத்தையில எங்கங்க போறீங்க?" என்று நல்லுசாமி தடுத்திருக்கிறார்.

"ஒத்தையில இல்லை. கூட்டிட்டுப் போக ஆள் வந்திருக்கு" என்று பக்கத்தைக் காட்டினாராம் ஞானவேல்.

அந்தப் பஸ்ஸில் வந்து இறங்கியது அவர் ஒருவர்தான். பக்கத்தில் யாரும் இல்லை.